எழுதினது ஒன்று, படித்தது ஒன்று

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நஸ்ருதீனுக்கு டைம் கீப்பர் உத்தியோகம். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுவது காலையில் கால் மணி நேர வேலை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. முதலாளி பலகையில் ஒட்டும் நோட்டீஸை, எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். 1966இல் சேர்ந்தது முதல் ஆறு வருடமாக அதைச் செய்துவந்தார், சின்னத் திருத்தத்தோடு.

முதலாளி மயில்சாமி தங்கமான மனிதர்தான், ஆனால் கூச்ச சுபாவம். நாலு பேர் எதிரே நின்றால் வேட்டிக் கரையைப் பார்த்தபடி நிற்பார். கையில் பேனா கிடைத்தால் மட்டும் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவார். தீபாவளி லீவு நோட்டீஸே, ‘சகல தொழிலாளர்களும் இதனால் கண்டிப்பாக எச்சரிக்கப்படுகிறார்கள்’ என்றுதான் ஆரம்பிக்கும்.

இதை அப்படியே படிக்க நஸ்ருதீனுக்கு வாய் வரவில்லை. ‘பீடி பிடிப்போர் உடனடியாக வெளியேற்றப்படுவர்’ என்று எழுதியிருந்தால், துணி இருக்கிற இடமல்லவா, பீடியை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி பிரியப்படுகிறார் என்பார். கேட்டவர்களுக்கு முதலாளியின் மேல் அலாதி மரியாதை. கம்பெனியில் வழிகிற தேனில் ஒரு சொட்டாவது வீட்டுக்கு வரக்கூடாதா என்று நஸ்ருதீனின் மனைவி சைதுன்னிசா கேட்பதுண்டு.

கீழே இருந்து மேலே போகும் பேச்சுக்கும் அதே வைத்தியம்தான். கையால் பனியன் மடிக்கும் பெண்கள், தகரக் கூரையின் கீழ் வெந்து சாகிறோம் என்று சொல்லி அனுப்பினால், காற்று சற்றுக் குறைவு என்று அபிப்பிராயப்படுகிறார்கள் என்பார். அபிப்பிராயம்தானே என்று முதலாளி சும்மா இருந்துவிடுவார். சண்டை சச்சரவு இல்லாமல் கம்பெனி ஓடுவது தன்னால்தான் என்று நஸ்ருதீனுக்கு உள்ளுக்குள் பெருமை. பெருமை ஒருநாள் காலை வாரும் என்பது வாரிய பிறகுதானே தெரிகிறது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புது நோட்டீஸ் வந்தது. திங்கள் முதல் எட்டரை மணிக்குப் பின் வருவோர் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள். ஏற்கெனவே மூன்று முறை தாமதித்தோர் மீண்டும் தாமதித்தால் வேலை நீக்கம். நஸ்ருதீன் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எல்லோரும் கொஞ்சம் நேரத்தோடு வந்தால் முதலாளி சந்தோஷப்படுவார் என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

திங்கட்கிழமை ஊத்துக்குளியிலிருந்து வரும் பாசஞ்சர் அரை மணி நேரம் பிந்தியது. அந்த ரயிலில் வரும் பதினொரு பெண்களும் ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தால், கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சின்னான் முதலாளி உத்தரவைச் சொன்னான். யாரும் நம்பவில்லை, பாய் அப்படிப் படிக்கவேயில்லை என்றார்கள். முன்னால் நின்றவள் குழந்தையம்மாள். மூன்று தாமதம் அவள் கணக்கில் ஏற்கெனவே இருந்தது; அதை எழுதியவரே நஸ்ருதீன்தான். புருஷன் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்த அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் கூலியில்தான்.

நஸ்ருதீனுக்குக் கை கால் ஓடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் தன் வேலை தப்பிக்கும், குழந்தையம்மாளின் வேலை போய்விடும். திறந்தால் எப்படிப் போகுமோ தெரியாது. ஆனது ஆகட்டும் என்று முதலாளியின் அறைக்குப் போய், எழுதினது ஒன்று, தான் படித்தது ஒன்று என்று ஒப்புக்கொண்டார்.

முதலாளி எத்தனை நாளாக என்று கேட்டார். ஆறு வருடமாக என்றார் நஸ்ருதீன். முதலாளியின் முகம் சிவந்தது. விறுவிறுவென்று போய்ப் பலகையிலிருந்து நோட்டீஸைப் பிய்த்தெடுத்தார். “வாங்க பாய், நானே படிச்சுக் காட்டறேன்” என்று கேட்டை நோக்கி நடந்தார்.

கம்பிக்கு இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் வேர்த்து விறுவிறுத்த பதினொரு பெண்கள். சகல தொழிலாளர்களுக்கும் என்று கணீரென்றுதான் ஆரம்பித்தார். மூன்று முறை தாமதித்தோர் மீண்டும் தாமதித்தால் என்கிற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் குழந்தையம்மாள் மூச்சு வாங்க அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த இரண்டு வார்த்தை அவருக்கு வரவில்லை. முதலிலிருந்து மறுபடியும் படித்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார். கடைசியில் காகிதத்தை மடித்துவிட்டு, “ஏனுங்கம்மா, எதுக்கு இத்தனை நேரம்?” என்று கேட்டார்.

“ரயிலு லேட்டுங்க. ஒம்பதுக்கு வெச்சீங்கன்னா சாயந்தரம் அரை மணி சேத்தி நிக்கறோம்னு ரெண்டு மாசமா பாய்கிட்டச் சொல்லீட்டுத்தானுங்க இருக்கறோம்” என்றாள் அவள்.

முதலாளி நஸ்ருதீன் பக்கம் திரும்பினார். ஊத்துக்குளிக்காரர்கள் ரயில் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள் என்றுதான் அவர் காதுக்கு வந்திருந்தது. நஸ்ருதீன் தரையைப் பார்த்தார். ஆறு வருடம் தன்னை நல்லவன் என்று நினைத்திருந்த மனிதருக்கு அன்று வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஊத்துக்குளிக்காரர்களுக்கு இனி ஒன்பது மணி என்று சொல்லி முதலாளி கேட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு வேட்டிக் கரையைப் பார்த்தபடியே, “இனி எழுதினபடியே படிங்க பாய். நானும் பக்கத்துல நிக்கறேன். அப்பத்தான் பாத்து எழுதுவேன்” என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். குழந்தையம்மாள் மட்டும் நஸ்ருதீன் எதிரே நின்றாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“எங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் செஞ்சீங்க, தெரியுமுங்க. உள்ளதைச் சொல்லியிருந்தா ஆறு மணி பஸ்ஸைப் புடிச்சிருப்போம். தலைமேல விழறது கல்லுன்னா கல்லுன்னே சொல்லுங்க பாய். ஒதுங்கிக்குவோம்.”

நஸ்ருதீன் சரி என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.