மூடியளவு ஆயில்

அப்பாவுக்கு யார்மேல் கோபம் வந்தாலும் கார்தான் திட்டு வாங்கும். நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் அது நிறையவே வாங்கியது. வாரம் ஒருமுறை அம்மாவைச் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போவோம். வெக்கை பட்டால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஏசியோ பாதி வழியில் அனலை ஊதும். அப்பா போய்க் கேஸ் அடித்துவிட்டு வருவார், அடுத்த மாதம் மறுபடியும் அனல்.

ராஜபாளையம் ரோட்டு மெக்கானிக் ஒருநாள் கம்ப்ரசரையே கழற்றிவிட்டார்.

"கேஸ் லீக்காவும்போது ஆயிலும் கூடவே போயிரும் அண்ணாச்சி. நீங்க வெறும் கேஸை மட்டும் அடிச்சிருக்கிய. ஆயில் ரொம்பக் கம்மி."

இருமல் மருந்துப் புட்டியின் மூடிதான் அவருக்கு அளவு. "கொறஞ்சா கம்ப்ரசர் சுத்தாம பிடிச்சிரும், கூடுனா குளுராது" என்று, மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். அம்மாவுக்கு நான் மருந்து ஊற்றுவதும் அப்படித்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த வாரம் கார் ஜில்லென்று போனது. டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அப்பா, நான் பக்கத்தில் நிற்பதையும் மறந்து மாமாவுக்குப் போன் போட்டு அழுதார்.

"ஆயுள் ரொம்பக் கம்மின்னுட்டாரு மச்சான்."

ஆயுள் என்ற சொல் எனக்குத் தெரியாது. தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்டுக்கொண்டேன். இதற்குப் போயா அழுவார்கள்? காரில் சாய்ந்திருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, ஒனக்கு ஆயில் கம்மியாம். அளந்து ஊத்துனா சரியாயிரும்."

அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"யாருட்டி சொன்னா?"

"டாக்டர். அப்பா மாமாட்ட சொல்லி அழுதாவ."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த அப்பா, "பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரு" என்றார். அம்மா "சரி" என்றாள். இத்தனைக்கும் நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அப்பா பொய் சொல்கிறார், அம்மா கேட்டுக்கொள்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அப்பா, எப்பம் ஊத்துவாவ?" என்று கேட்டேன். அப்பா காரைக் கிளப்பினார்.

ஊர் வந்துசேரும்வரை அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. காரில் ஆயில் சரியாக இருப்பதால் குளிர் தாங்கவில்லை போலும் என்று, நானே எட்டி ஏசியைக் குறைத்து வைத்தேன்.