விளிம்பு வளைந்த கிண்ணம்

கரைவலையில் மீனல்லாத பொருள் ஏறினால் அதைத் திரும்பக் கடலுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் முல்லைத்தீவுக் கரையின் வழக்கம். வைத்திருந்தால் அந்த வீட்டில் ஓர் உயிரைக் கடல் கேட்கும் என்பார்கள். அந்தக் கிண்ணம் ஏறிய அன்று சின்னண்ணன் அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

கழுவியதும் பச்சையும் நீலமும் கலந்த மினுக்கம் தெரிந்தது. கோயிலில் பூசை வைக்கும் சுவாமி பார்த்துவிட்டு, பல நூறு வருடங்களுக்கு முன் பாரசீகத்திலிருந்து கப்பலில் வந்திருக்கும் என்றார். உள்ளே இருந்த கீறல்களை நகத்தால் தடவிக் காட்டினார். சோறும் தயிரும் இட்டுத் தின்று விழுந்தவையாம். அழகுக்கு வைத்த சாமான் இல்லையாம். விளிம்பை வெளியே வளைத்ததுகூட வாய் வைத்துக் குடிக்கத்தானாம்.

பெரியண்ணன் அதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கடல்ல போடு."

சின்னண்ணன் மாட்டேன் என்றான். துடுப்பு அவன் தலையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. முற்றத்து மணலெல்லாம் இரத்தம். அவன் எழும்பி அண்ணனின் கழுத்தை நெரித்தான். இடையில் விழுந்த அம்மாவின் கை முறிந்தது. அதன்பின் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

யுத்தம் எங்கள் கரைக்கு வந்தபோது விசுவமடுவுக்கு ஓடினோம். கிண்ணத்தை நான் அரிசிச் சாக்குக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். அங்கே ஒரு காலை, தண்ணீர் அள்ளப் போன பெரியண்ணனுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. கீழ்த்தாடையில் ஒரு பக்கம் சிதறிப்போனது. ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. கட்டுப் போட்டு, கஞ்சி இறங்கினால் பிழைப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கரண்டி பட்டால் துடித்தார். தகரப் பேணியில் பருக்கினால் கஞ்சியும் இரத்தமும் கழுத்தில் வழிந்தன. நாள் போகப்போகக் கண் செருகத் தொடங்கியது.

நான் சாக்கை அவிழ்த்தேன். கிண்ணத்தைக் கண்டதும் பெரியண்ணன் கையால் தட்டிவிட்டார். கடல் கேட்ட உயிர் தன்னுடையதுதான் என்று நினைத்திருப்பார். சின்னண்ணன் அவர் தலையைத் தன் மடியில் வைத்து அமத்திப் பிடித்தான்.

"அண்ணை, குடியுங்கோ. குடிச்சுப்போட்டு உடையுங்கோ. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

வளைந்த விளிம்பு நல்ல பக்கத்துக் கன்னத்தோடு ஒட்டி நின்றது. கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. முடிந்ததும் கிண்ணத்தை என் கையிலிருந்து பறித்து, தலைக்கு மேலே உயர்த்தினார். சின்னண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

பெரியண்ணன் கையை மெல்ல இறக்கி, வெறுங்கிண்ணத்தை என்னிடம் நீட்டினார், இன்னும் ஊற்று என்று.