வலிக்காத அக்காவின் வசனம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வலிக்காத அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலோரத்து மூன்றாம் நாற்காலியில் ஊசி குத்துகிறவள் அவள்தான். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, அக்காவிடமே குத்திக்கொள்கிறோம் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஊசி என்னவோ எல்லோரிடமும் இருப்பது ஒரே மாதிரி ஊசிதான். அவளுக்கு வாய் கூடுதல். மீசையும் தோளுமாக ஒருவர் வந்து உட்கார்ந்து, கையை நீட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். "அந்தப் பக்கம் திரும்பாதீங்க சார்," என்பாள், பஞ்சால் துடைத்துக்கொண்டே. பிறகு அரை மூச்சு நேரம் சும்மா இருப்பாள். "அடுத்து இருக்கறவர் உங்க முகத்தைப் பார்த்துட்டு எழுந்து போயிடுவாரு." சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். அந்த அரை மூச்சில்தான் எல்லாமே இருக்கிறது. முன்னால் சொல்லிவிட்டால் சிரித்து முடித்துவிட்டுப் பயப்படுவார்கள். தாமதித்தால் கத்திவிட்டுத்தான் சிரிப்பார்கள். இதற்கெல்லாம் பாடப் புத்தகம் கிடையாது, குத்திக் குத்திக் கற்றுக்கொண்டாள்.

அவள் கணவர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. தெருவில் கேட்டால் டைரக்டர் என்றுதான் சொல்வார்கள். ஏழு பேர் கொண்ட நகைச்சுவை நாடகக் குழு அவருடையது. வருடத்துக்கு மூன்று நாடகம், நூலகத்து மாடி மண்டபத்தில், எண்பது நாற்காலி போட்டு. ஒத்திகை அவள் வீட்டுக் கூடத்தில். சோபாவைச் சுவரோரம் தள்ளுவதும் அவள், திரும்ப இழுத்துப் போடுவதும் அவள். நோட்டீஸில் மட்டும் கதை, வசனம், இயக்கம் மூன்றுக்கும் சேர்த்து அவர் பெயர். கதையையும் இயக்கத்தையும் அவரே வைத்துக்கொள்ளட்டும், யார் கேட்டார்கள்? வசனம் யாருடையது?

ஒருநாள் வெளியிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று, "நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வந்ததுதான் வந்தீங்க," என்றாள், தலையைத் தூக்காமல். அரை மூச்சு. "கதவைச் சாத்திட்டு வாங்க." அவர் கதவைச் சாத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

தன் பேச்சு நோட்டில் ஏறுவது ஆரம்பத்தில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில்தான் கசந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவள் ஒருத்தியாக அலைந்தாள், அவருக்கு ஒத்திகை. நாலாம் நாள் கூடத்தில் நின்று அழுதுகொண்டே கேட்டாள்: "உங்ககூடச் சண்டை போடணும்னாகூட முன்னாடியே தேதி வாங்கணுமா?" அவர் பக்கத்தில் வந்தார். சமாதானம் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தாள். மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். அடுத்த நாடகத்தில் அதற்கு மண்டபமே கைதட்டியது. அவளும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் பக்கத்திலிருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களே.

இந்தத் தடவை நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் வாய்விட்டே கேட்டுவிட்டாள். வசனம் என்ற இடத்தில் என் பெயரையும் போடுங்கள் என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். "வீட்டுல பேசினதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்," என்றார். நோட்டீஸ் அச்சாகி வந்தது. முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கம், நாற்காலி வாடகைக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அடியில், பொடி எழுத்தில் அவள் பெயர் இருந்தது: ஒத்திகைக்குத் தேநீர் வழங்கியவர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது கொசு. கதவு வசனம் இந்த நாடகத்தில் மூன்று இடத்தில் வருகிறது. கணவன் வேஷம் அவரே. மனைவியாக நடிப்பது வங்கியில் வேலை பார்க்கிற அம்மாள். ஒத்திகையில் அந்த அம்மாள் மூச்சுவிடாமல், "வந்ததுதான் வந்தீங்க கதவைச் சாத்திட்டு வாங்க கொசு வருது," என்று ஒப்பித்தாள். அடுப்படியில் இருந்தவள் காதில் அது நாராசமாக விழுந்தது. அந்தக் கொசுவை எடுத்துவிடுங்கள், நடுவில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று அன்றைக்கே அவரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ஜனங்களுக்குப் புரிய வேண்டாமா, கொசுவைப் போட்டதே நான்தான் என்றார் டைரக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை கொசு வந்தது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். இரண்டாம் தடவையும் வந்தது, இருமல்கூட இல்லை. அதில் வங்கி அம்மாளுக்கு வெலவெலத்துவிட்டது. மூன்றாம் தடவை அவர் கதவுச் சட்டத்துக்குள் வந்து நின்று, "நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார். அம்மாள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அவர் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார். நெற்றி வேர்வை நாலாவது வரிசைக்குத் தெரிந்தது.

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் கேட்கவில்லை.

"வந்ததுதான் வந்தீங்க," என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. எண்பது தலை திரும்பியது. பஞ்சை வைத்துவிட்டு ஊசியை எடுக்கிற நேரம் விட்டாள். "கதவைச் சாத்திட்டு வாங்க."

மண்டபம் அதிர்ந்தது. சிரித்தார்கள், அடங்கினார்கள், யாரோ ஒருவர் மறுபடி ஆரம்பிக்க எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வங்கி அம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னாலிருந்த ஒருவர் எட்டி அவள் தோளைத் தட்டி, யாரும்மா நீங்க என்று கேட்டார். அவள் மேடையைக் காட்டினாள். இனிமேல் அவரால் மறைக்க முடியாது, மேடையில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

நாடகம் முடிந்து அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பார்வையாளர் நடுவில் ஆளை உட்காரவைத்து வசனத்தை அங்கிருந்து வரவழைக்கும் உத்தி நெடுநாளாகத் தன் மனசில் இருந்தது என்றார். இன்றைக்குத்தான் துணிந்து செய்து பார்த்தாராம். கைதட்டல் அடங்கியதும் நாற்காலிக்காரருக்கு நன்றி சொன்னார், ஒலிபெருக்கிக்காரருக்குச் சொன்னார், தேநீருக்கும் மறக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் தரையில் கால் பாவாமல் வந்துகொண்டிருந்தார். தெருமுனையில் நின்று நோட்டை எடுத்தார்.

"அதை அப்படியே வங்கி அம்மாவுக்குச் சொல்லித் தரணும். நீ சரியா எந்த இடத்துல நிறுத்தின?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்கதான்," என்றாள். "இதோட நிறுத்திட்டேன். இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரமாதம், பிரமாதம் என்று நோட்டைப் புரட்டி எழுதப் போனார். பேனா எழுதவில்லை. உதறினார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

"மறந்துடப் போகுது. உன் பையில பேனா இருக்கா?"

இருந்தது. சீட்டு எழுத அவள் போன வாரம் வாங்கிய நீலப் பேனா. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள்.