கேட்காமல் இறங்கிய வருஷம்

அந்த அறிக்கையின் நடுப்பக்கத்தில் அக்காவின் படம் இருந்தது. உட்கார்ந்த வாக்கில் மார்பளவு தண்ணீரில் இருக்கிறாள். இறால் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவுகிறாள். வழவழப்பான வெளிநாட்டுத் தாள். ‘இவர் இனி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை’ என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியைச் சொன்னவன் நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் கல்லூரியை முடித்துவிட்டுப் பொன்னேரியில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஒரு தொண்டு நிறுவனம் வேலை கொடுத்தது. ஜனநாயகமும் மனித உரிமையும் கற்றுக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து நிதி வந்தது. பழவேற்காட்டு ஏரியோரத்தில், வலையும் படகும் இல்லாமல் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நான் வாத்தியார். நான் அக்கா என்று கூப்பிட்டவள் அந்தப் பெண்களுக்கு முன்நின்று பேசுபவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வருவாள், எல்லோரையும் விட அதிகமாகக் கேலி செய்வாள். “இன்னா தம்பி, இன்னிக்கி இன்னா உரிமை எடுத்தாந்த?” என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மழை ஓய்ந்து, முகத்துவாரம் திறந்து, இறால் ஏறும் பருவத்தில், அக்கா பக்கத்து மீனவ ஊரின் பெரியவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பாள். “நைனா, எறங்கட்டுமா?” “எறங்குங்க.” அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் வருஷம் முழுக்க ஆழமில்லாத தண்ணீர் அவர்களுடையது. வலைக்காரர்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள்.

எனக்கு அது அவமானமாகப் பட்டது. ஏரி அரசாங்கத்துடையது, அதில் எல்லோருக்கும் உரிமை உண்டு, வாசலில் நின்று கேட்பது அடிமைத்தனம் என்று இரண்டு வருஷம் தொண்டை வற்றப் பேசினேன். மூன்றாம் வருஷம் அவர்கள் கேட்காமல் இறங்கினார்கள். அன்று நான் கரையில் நின்று கைதட்டினேன். இப்போது நினைத்தாலும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

நான்காம் நாள் மீனவ ஊர்க்காரர்கள் வந்து பறிகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். ஆழமில்லாத இடமெல்லாம் வலை கட்டினார்கள். அவர்களும் ஏழைகள்தான். அவர்களுடைய கோபம் இறாலுக்காக இல்லை, மரியாதைக்காக. பெரியவர் ஆள் விட்டுச் சொன்னார், வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று. அக்கா அப்போதே புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான்தான் மறித்தேன். அடுத்த மாதம் நிதி கொடுத்தவர்களிடமிருந்து மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. “அவர் வந்துட்டுப் போகட்டும், அக்கா. இப்போ போய்க் கேட்டா எல்லாம் பாழாப்போயிடும்” என்றேன். எது பாழாகும் என்று அவள் கேட்கவில்லை. ஒரு மாதம் நண்டும் இல்லை, இறாலும் இல்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். வெயிலில் முகம் சிவக்க, மணலில் எங்களோடு சப்பணம் போட முடியாமல் போட்டு உட்கார்ந்தார். கையில் கேள்வித்தாள். திட்டத்துக்கு முன் அனுமதி கேட்டீர்களா? இப்போது கேட்கிறீர்களா? கூட்டத்தில் பெண்கள் பேசுகிறார்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அக்கா எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“தம்பி சொல்லிக் குடுத்தது நல்ல பேச்சுதான். ஆனா ஒரு மாசமா எங்கள தண்ணில கால் வைக்க உடல. நீங்க பெரிய எடத்துக்காரரு. அதிகாரிங்க கைல சொல்லி எங்கள எறக்கி உடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, பெரியவரு கால்ல உழுந்தாவது கேட்டுக்கறோம். புள்ளைங்க பசில கெடக்குதுங்க.”

அவள் சொன்னதை ஆங்கிலத்தில் கேட்க அவர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிட, மூன்று வருஷம் செய்ததெல்லாம் தப்பு என்று என் வாயாலேயே சொல்ல வரவில்லை. “தண்ணீர் எங்கள் உரிமை என்று தெரிந்துகொண்டோம், இனி யாரிடமும் அனுமதி கேட்கமாட்டோம் என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. கட்டத்தில் குறித்துக்கொண்டார். அக்கா அந்தக் கண்ணீரைப் பார்த்து, விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பினாள். கைகூப்பினாள்.

பிறகு அவர் படம் எடுக்கவேண்டும் என்றார். ஏரிக்குப் போகமுடியாது. ஊருக்குப் பின்னாலிருந்த குட்டையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அங்கே அக்காவை இறக்கினேன். தவளை தவிர ஒன்றும் இல்லாத குட்டையில் அவள் பறிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு இறால் தேடினாள்.

திட்டம் முழு வெற்றி, இந்த மக்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள், இனி உதவி தேவையில்லை என்று அறிக்கை வந்தது. நிதி வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. என்னைச் சென்னை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். உதவி வரும் வரும் என்று காத்திருந்துவிட்டு அக்கா பெரியவர் வாசலுக்குப் போனபோது, மீனவ ஊர் அந்தத் தண்ணீரையும் சீட்டுப் போட்டுத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்தது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டாராம். கைமீறிப் போய்விட்டது என்றாராம்.

எண்பதுகளின் கடைசியில் நானே மதிப்பீட்டாளன் ஆகிவிட்டேன். செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்கான ஒரு திட்டத்தைப் பார்க்க, கேள்வித்தாளோடு செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு சூளைக்குப் போனேன். பச்சைக்கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, “தம்பி!” என்றாள். பல் பாதி இல்லை. கை முழுக்க வெடிப்பு. ஏரியோரத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தன. சூளைக்காரன் உத்தரவில்லாமல் வெளியே போகமுடியாது என்றாள், எனக்காக வருத்தப்படுவது போன்ற குரலில். என் சட்டையைப் பார்த்து, நல்லா இருக்கிறாயா என்று கேட்டாள். அன்று மாற்றிச் சொன்னதைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அந்த வெள்ளக்காரரு அன்னிக்கி கண்ணுல தண்ணி உட்டாரு. ஆனா ஒண்ணும் செய்யல பாத்தியா? நீ எல்லாத்தையும் அப்படியே எடுத்துச் சொன்ன. அந்தாளுக்குத்தான் மனசு இல்ல.”

“ஆமாம், அக்கா” என்றேன்.