மஞ்சள் பூசிய பூனை

எங்கள் வெள்ளைப் பூனையின் காதுக்குப் பின்னால் ஐம்பது சென் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்திருந்தது. பார்த்ததுமே படர்தாமரை என்று தெரிந்துவிட்டது. கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு ஷா ஆலமில் என் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் என் கணவர் கொண்டுபோகவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, தலை முதல் வால் வரை பூசிவிட்டார். நமக்கு நல்லதென்றால் பூனைக்கும் நல்லதுதானே என்றார். திரும்பி வந்தபோது எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் சோபா, மெத்தை, துவைத்து மடித்த துணி எல்லாவற்றிலும் மஞ்சள் காலடி.

பூனை அதை நக்கி நக்கி வாந்தி எடுத்தது. அதன் பிறகுதான் கிளினிக். மருத்துவர் ஒரு சீனப் பெண். பூனையை முகர்ந்து பார்த்துவிட்டு, இதைப் பொரிக்கப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார். என் கணவர் சுவரிலிருந்த நாய்ப் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பூஞ்சை, உதிர்கிற முடியிலெல்லாம் இருக்கும், மனிதருக்கும் ஒட்டும் என்றார் மருத்துவர். தினமும் மருந்து, வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு, பூனைக்குத் தனி அறை. முடி வளர்ந்ததும் நிறுத்திவிடக் கூடாது. பல் துலக்கும் பிரஷால் முடியை வாரி ஆய்வுக்கு அனுப்பி, சுத்தம் என்று வந்தால்தான் விடுதலை.

கிள்ளானில் இருக்கும் எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பத்தியம் இருப்பதாகப் பேச்சு. நான் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பூனை விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“டெஸ்ட் க்ளியர் ஆனாத்தான்மா பேபிய தூக்கிட்டு வருவேன். இல்லன்னா அத்தை பாத்துக்கறேன்னு சொல்றாங்க.”

சம்பந்தியம்மா நல்லவர்தான். ஆனால் அவர் வைக்கும் பூண்டுக் குழம்பில் பூண்டைத் தேட வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பை அங்கே விட எனக்கு மனமில்லை.

பின்னறையைக் காலி செய்து பூனையை அடைத்தேன். தினமும் முடியைக் கூட்டி அள்ளினேன், பிளீச் கலந்த தண்ணீரில் தரையைத் துடைத்தேன், துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்தேன். குளிப்பாட்டும்போது நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் பூனையைப் பிடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார் என் கணவர். என்னிடம் முப்பது வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை.

காதுக்குப் பின்னால் முடி வளர்ந்துவிட்டது. ஆனால் முதல் ஆய்வில் பூஞ்சை அப்படியே இருந்தது. இவ்வளவு துடைத்தும் எப்படி? அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் எப்போதும் வெறும் மேலோடு திரிகிற மனிதர் சில நாளாகச் சட்டையைக் கழற்றுவதே இல்லை. தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் மூன்று வட்டம். அதன் மேல் மஞ்சள் வேறு.

“பாவம்லா அது. தனியா கத்திக்கிட்டே கெடக்கு. பேப்பர் படிக்கிற நேரம் மட்டும்தான் வயித்துல போட்டுக்குவேன்.”

“எத்தன நாளா?”

“மொத நாள்லேருந்து.”

அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மறுநாளே தோல் மருத்துவரிடம் போய்த் தனக்கும் களிம்பு வாங்கி வந்தார். அதிலிருந்து துடைப்பது, துவைப்பது எல்லாம் அவர் வேலை. பின்னறைச் சாவி என் கையில்.

இரண்டாவது ஆய்வின் முடிவு வருவதற்குள் பேரன் பிறந்துவிட்டான். மகள் சொன்னபடியே மாமியார் வீட்டுக்குப் போனாள். ஆறு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஏழாம் நாள் கிளினிக்கிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். பூனை சுத்தம்.

அன்று மாலையே மகள் வந்துவிட்டாள். வாசலிலேயே என் கணவர் கையை நீட்டினார். அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை.

“பா, சட்டையத் தூக்குங்க.”

தூக்கினார். குனிந்து பார்த்தாள். திரும்பச் சொன்னாள். திரும்பினார். அதன் பிறகுதான் குழந்தை கைமாறியது, ஒரு நிமிஷம்தான் என்ற கண்டிஷனோடு.

ஒரு மணி நேரம் ஆகியும் அசையாமல் உட்கார்ந்திருந்தார், கை மரத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால், முதலில் போய்க் குழம்பு வை என்கிறார்.