அந்த வீக்கத்துக்குப் பத்து வயது

வேலையிடத்தில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் 'பீரோ'. வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றியிறக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடம். பீரோவை ஒற்றை ஆளாக மாடியேற்றுவார். வீட்டில் தண்ணீர் கேனை நகர்த்தச் சொன்னால் மட்டும் முதுகு பிடித்துக்கொள்ளும்.

பத்து வருடமாக வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவு குடலிறக்கம். வருடாந்திரப் பரிசோதனையில் அது தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் அன்று காலை அவரைப் படுக்கவைத்து, உள்ளங்கையால் அதை உள்ளே தள்ளிவிடுவது என் வேலை. வீக்கம் பிதுங்குகிறதா என்று பார்க்கக் கம்பெனி டாக்டர் இருமச் சொன்னால், வயிறு அசையாமல் தொண்டையால் மட்டும் இருமிவிட்டு வருவார். பெரிய சாமர்த்தியம்!

போன மாதம் அது உள்ளே போகவில்லை. கல்லாக இறுகி, சிவந்து, தொட்டாலே துடித்தார். காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் புளுகினார்.

"அலமாரி மூலை இடிச்சிடுச்சு டாக்டர். நேத்துதான் வீங்குச்சு."

டாக்டரம்மா வீக்கத்துக்கு மாத்திரை எழுதப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்யி டாக்டர். பத்து வருஷமா இருக்கு. நான்தான் உள்ள தள்ளிவிடுவேன்."

இவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வாந்தி இருந்துச்சா? காத்து பிரியுதா?"

"வாந்தி இல்ல. பிரியுது," என்றார் இவர் சுவரைப் பார்த்து.

"அப்போ குடல் அடைக்கல. வலி முதல்ல எங்க வந்துச்சு?"

"தொப்புளைச் சுத்தி."

உடனே ஸ்கேன். இறங்கியிருந்தது குடல் இல்லை, குடல்வால். அந்தப் பைக்குள்ளேயே அழுகிச் சீழ் பிடித்திருந்தது. அன்றிரவே ஆபரேஷன். ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். அபூர்வமாம், நாலைந்து டாக்டர்கள் வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தை எழுதும்போது இவர் கெஞ்சினார். "குடல்வால்னு மட்டும் எழுதுங்கம்மா. குடலிறக்கம் வேணாம்."

"ரெண்டும்தான் எழுதணும். சீழ் இருந்ததால ஓட்டையை அடைக்கிற வலை வைக்கல, குடலிறக்கம் திரும்ப வரலாம். இனிமே பாரம் தூக்கக் கூடாது."

கம்பெனி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டது, அவரை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் ஆத்திரம்தான், யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று அவருடைய அண்ணன் வந்தார். "உன் பொண்டாட்டி வாயத் திறக்கலேன்னா நீ இன்னிக்கு இல்லடா," என்றார்.

அடுப்படியில் நான் நிற்பது தெரிந்தேதான் இவர் சொன்னார்: "அவளை யாரு கேட்டா?"