கடைசி வளைவில் கழற்றிய சப்பாத்து

ஸ்ர்ரக்.

சப்பாத்தின் ஒட்டுப்பட்டியைப் பிய்த்துப் பிரிக்கும்போது வருகிற சத்தம் அது. வெள்ளிக்கிழமைகளில், பலெர்மோ நகரின் ஒரேத்தோப் பக்கம் நாங்கள் கோயிலாக வைத்திருக்கும் மண்டபத்தின் வாசலில், பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சப்பாத்துக் கழற்றும்போது ஸ்ர்ரக், ஸ்ர்ரக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே கற்பூரம் மணக்கும். யாரோ மணியை ஆட்டுவார்கள். எனக்கு மட்டும் இடது கால் விரல்கள் சில்லிட்டுப் போகும். வெளியே சிசிலி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தாலும் சரிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பேன். "என்ன, தலைச்சுத்தோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் பூசை முடிந்துவிடும்.

அது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசியில், நேபாளத்தில். ஆறாயிரம் மீற்றரைத் தாண்டிய ஒரு சிகரத்தின் கடைசி ஏற்றம்.

பலெர்மோவில் வீடு துடைக்கிற ஒருத்தி அங்கே எப்படிப் போனாள் என்று கேட்பீர்கள். நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

லிபெர்த்தா வீதியில் ஒரு இத்தாலிய அம்மாவின், என் சிஞ்ஞோராவின், வீட்டில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, தனி ஆள், மலைப் பைத்தியம். எனக்கும் ஒரு மலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும், ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு நடப்பேன். நாங்கள் சைவம். ஆனாலும் இந்த ஊரில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அவள் எங்கள் அம்மன்களில் ஒருத்தி மாதிரி. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அடிவாரத்திலிருந்தே வெறுங்காலோடு ஏறுவார்கள். என் குதிக்கால் வெடிப்புக்கு அது சரிவராது. பழைய கற்பாதையின் கடைசி வளைவில், கோயில் முகப்பு முதன்முதலாகக் கண்ணில் படும் இடத்தில், சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். அங்கிருந்து வெறுங்கால். இந்த ஊருக்கு வந்த காலம் தொட்டு இதே பழக்கம். அந்த இடம் வந்தால் கால் தானாக நிற்கும், கை தானாக முடிச்சை அவிழ்க்கும். நான் யோசிப்பதே இல்லை.

சிஞ்ஞோரா சில ஞாயிறுகளில் கூட வருவார். கனத்த மலைச் சப்பாத்தோடு பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அவருக்குச் சப்பாத்தோடுதான் சாமியிடம் போய்ப் பழக்கம்.

அவரும் ஒரு தோழியும் அந்த இமயமலைப் பயணத்துக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். வழிகாட்டியோடு, கூடாரங்களோடு, எல்லாம் ஒழுங்கு செய்து தருகிற பயணம். புறப்பட மூன்று மாதம் இருக்கையில் தோழி முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டிய காசு திரும்பாது. ஒரு காலை, நான் பால்கனி துடைத்துக்கொண்டிருந்தபோது, சிஞ்ஞோரா கோப்பியோடு வந்து நின்றார். "நீ வா" என்றார். "என் குறட்டை உனக்குப் பழக்கம். வேறு யாரோடும் நான் ஒரு கூடாரத்தில் படுக்க முடியாது."

வீட்டில் சொன்னேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இஞ்சேரும், லிஃப்ட் பழுதான அண்டைக்கு மூண்டாம் மாடிக்கு ஏறவே நீர் ரெண்டு தரம் இருந்து எழும்பினனீர். இமயமலைக்கோ வெளிக்கிடுறீர்?"

மகள், "மதோன்னா மியா, அம்மா! கட்டாயம் செல்ஃபி அனுப்புங்கோ, ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றாள். கோயிலில் ஒருத்தி, "அங்கை சிவபெருமான் வீட்டையும் கூட்டித் துடைக்கப் போறியோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று ஏற்கனவே பையைக் கட்டத் தொடங்கியிருந்தது. நாற்பத்தேழு வயதுவரை மற்றவர்களின் யன்னல்களைத் துடைத்து, அவற்றுக்கு வெளியே பார்க்க நேரமில்லாமல் போனவளின் கால்கள் என்னுடையவை. ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவை.

எட்னா எரிமலையின் பனியில் சிஞ்ஞோரா என்னைப் பழக்கினார். சப்பாத்தின் அடியில் இரும்புப் பற்களை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, பனிக்கோடரியை ஊன்றி நடக்கப் பழகினேன். பிறகு பறந்தோம்.

எங்கள் வழிகாட்டி மெலிந்த மனிதர். என்னைவிடச் சில வயது இளையவர். பல கோடைகளில் வட இத்தாலியின் மலை விடுதிகளில் கோப்பை கழுவியவர், அதனால் இத்தாலியன் கதைப்பார், அந்த வடக்கத்திய இழுவையோடு. என்னுடையது பலெர்மோ இத்தாலியன். இருவரும் கதைத்தால் சிஞ்ஞோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வழிகாட்டி என்னைத் தங்கள் மொழியில் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசியதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஏறத் தொடங்குவதற்கு முதல் நாள், அடிவார முகாமில் கற்களை அடுக்கி ஒரு பீடம் கட்டிப் பூசை செய்தார்கள். மலையிடம் அனுமதி கேட்கிற பூசை. பச்சைத் தழை எரிந்து புகைந்தது. நிறக் கொடிகள் காற்றில் படபடத்தன. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் நான் வெறுங்காலோடு நிற்பது எனக்கே தெரிந்தது. என் சப்பாத்துகள் பக்கத்தில் ஒழுங்காகச் சோடி சேர்ந்திருந்தன.

வழிகாட்டி சிரித்தார். "எங்கடை சாமிக்குச் சப்பாத்தாலை பிரச்சினை இல்லை, அக்கா. அவருக்கும் குளிர் தெரியும். போடுங்கோ."

வெட்கத்தோடு போட்டுக்கொண்டேன். தலை கேட்டுக்கொண்டது. கால் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உச்சிக்குப் போகிற அன்று சிஞ்ஞோராவுக்குத் தலையிடி. மேல் முகாமிலேயே நின்றுவிட்டார். "நீ போ, உன் பங்குக் காற்றையும் இங்கே நான் சேர்த்து வைக்கிறேன்" என்றார். எங்களோடு வந்த மற்ற இருவரும் இன்னொரு வழிகாட்டியோடு முன்னால் போய்விட்டார்கள். ஒரு கயிற்றில் எங்கள் வழிகாட்டியும் நானும் மட்டும். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் தளர்ந்தும் இறுகியும் அந்தக் கயிறு.

விடிந்தது. அப்படி ஒரு விடியலை எழுதத் தெரிந்தால் நான் வேறு ஆளாக இருப்பேன். வெள்ளை முதலில் நீலமாக இருந்தது, பிறகு மாம்பழத்தின் உட்சதை நிறமானது. ஓரடி வைக்க நாலு மூச்சு. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் அதில் ஒன்றுமில்லை, வெறும் கோப்பையை வாயில் கவிழ்ப்பதைப் போல. கால்கள் வேறு யாருடையவோ. மெல்ல மெல்ல எல்லாம் இலேசாகிவிட்டது. குளிர் போய்விட்டது. சந்தோசமாக இருந்தது. உயரத்தில் காற்றுக் குறையும்போது வருகிற சந்தோசம் அது என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஒரு திருப்பம். அதைச் சுற்றி ஏறியதும், மேலே, கிட்டத்தில், உச்சியில் கட்டியிருந்த நிறக் கொடிகள் தெரிந்தன.

கால் நின்றது.

மெழுகுதிரி மணத்தது. குகையின் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. இன்று சனம் குறைவு, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பனியில் உட்கார்ந்தேன். பெரிய கையுறைகளைக் கழற்றினேன். இடது காலின் இரும்புப் பற்களின் வாரை அவிழ்த்தேன். சப்பாத்தின் சிப்பை இறக்கி, ஒட்டுப்பட்டியைப் பிய்த்தேன். ஸ்ர்ரக். வெளிச் சப்பாத்து, உட்சப்பாத்து, காலுறை, எல்லாம் ஒவ்வொன்றாக. வெளிச் சப்பாத்தை வாசலில் வைப்பதுபோல, முனை வெளியே பார்க்க, பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன்.

அது சாய்ந்தது. சறுக்கியது. பிறகு அவசரமில்லாமல் சரிவில் இறங்கிப் போனது.

கயிறு இறுகிப் பின்னால் இழுத்ததும் திரும்பிய வழிகாட்டி, என் வெறுங்காலைக் கண்டார். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் சொல்லே இல்லை. பாய்ந்து வந்தார். தன் மேலாடைகளின் சிப்பை நெஞ்சுவரை இழுத்துத் திறந்து, உள்சட்டையைத் தூக்கி, என் காலைத் தூக்கித் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடினார். இமயமலையில், வெள்ளை வெளியில், சில நாள் மட்டுமே அறிந்த ஒரு மனிதனின் வயிற்றுச் சூட்டில் என் கால் இருந்தது. எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை.

"இது எங்கை, சொல்லுங்கோ. நாங்கள் எங்கை நிக்கிறம்?"

"சாந்தா ரொசாலியா" என்றேன்.

அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த முகம்தான் என்னை எழுப்பியது. சூடு ஊசிகளாகக் காலில் ஏறத் தொடங்கியதும், நான் என்ன செய்திருக்கிறேன் என்பது முழுவதுமாக என் தலையில் இறங்கியது. சப்பாத்து இல்லாமல் கீழே போக முடியாது. போக முடியாதவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

சப்பாத்து அதிக தூரம் போயிருக்கவில்லை. கீழே, ஒரு பனிப்பிளவின் விளிம்புக்குச் சற்று முன், மஞ்சளாகத் தெரிந்தது. அவர் எனக்குக் காலுறையையும் உட்சப்பாத்தையும், கைகளில் என் கையுறைகளையும் மாட்டினார். தன் வலது கையின் தடித்த கையுறையைக் கழற்றி அதற்கு மேல் இழுத்துப் போட்டார். பனிக்கோடரியை அடித்து இறக்கி, கயிற்றால் என்னை அதில் கட்டினார். பிறகு தன் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

"கயிற்றோடை போங்கோ" என்று கெஞ்சினேன்.

"நான் விழுந்தால் உங்களையும் இழுத்துக்கொண்டு போவன். உங்கடை தலை இப்ப இஞ்சை இல்லை அக்கா. அசையாமல் இருங்கோ."

போனார். முதுகு சிறிதாகிக்கொண்டே போயிற்று. விளிம்புக்குக் கிட்டப் போனதும் குப்புறப் படுத்துத் தவழ்ந்தார். கையை நீட்டினார். அவருக்குக் கீழே பனி உடைந்தது. ஒரு கால் தொடைவரை உள்ளே போனது. அப்படியே அசையாமல் கிடந்தார்.

நான் கூப்பிடவில்லை. சாமியையும் கூப்பிடவில்லை, அது எனக்கே பிறகு ஆச்சரியம். அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இவருக்கு யார் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது மட்டும் நினைவில் வந்தது.

பிறகு அந்த முதுகு அசைந்தது. கால் வெளியே வந்தது. சப்பாத்தின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாலு காலில் ஒரு விலங்கு ஏறுவதுபோல ஏறி வந்தார். வந்து என் முன்னால் இருந்து மூச்சு வாங்கினார். சப்பாத்தை மாட்டி, இரும்புப் பற்களைப் பூட்டி, வாரை இருமடங்கு இறுக்கினார். உச்சி, கல்லெறியும் தூரத்தில் இருந்தது. இருவருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினோம்.

மேல் முகாமில் சிஞ்ஞோரா என் காலை வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டு, என்னை ஏசியபடியே அழுதார். விரல்கள் சிவந்து வீங்கின. தப்பிவிட்டன. அடுத்த நாள் அடிவாரத்தில், வழிகாட்டி இடது கையால் தேநீர் ஊற்றுவதைக் கண்டேன். வலது கை மேலாடைக்குள் இருந்தது. காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். பிடித்து இழுத்தேன். இரண்டு விரல்களின் நுனிகள் மெழுகுபோல் வெளிறி, ஓரத்தில் கறுக்கத் தொடங்கியிருந்தன.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் அழுவியள். அழுதால் கண்ணீர் உறையும். பிறகு அதுக்கும் நான்தான் வயித்தைத் திறக்கோணும்."

அவர் சிரித்தார். நான் கேத்தலை அவரிடமிருந்து வாங்கி, மிச்சத் தேநீரை ஊற்றினேன்.

ஒரு விரலின் நுனியை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பிறகு சிஞ்ஞோராவுக்குச் செய்தி வந்தது. அந்தக் கையோடுதான் இன்னும் கயிறு முடிகிறாராம். இப்போதும் ஞாயிறுகளில் பெல்லெக்ரீனோ ஏறுகிறேன். கடைசி வளைவில் கால் நிற்கிறது, ஆனால் கை முடிச்சுக்குப் போவதில்லை. சிஞ்ஞோரா பக்கத்தில் நின்று, "இது பலெர்மோதான், கழற்றலாம்" என்பார். சிரித்துக்கொண்டே கழற்றுவேன். பக்தி என்று நான் நினைத்திருந்ததில் எவ்வளவு பக்தி, எவ்வளவு வெறும் பழக்கம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த மலையில் நான் சாமிக்காக ஒன்றைக் கழற்றினேன், வழிகாட்டி எனக்காக ஒன்றைக் கழற்றினார். குகைக்குள் கண்ணை மூடினால் இப்போதெல்லாம் முதலில் தெரிவது கையுறை இல்லாத அந்தக் கைதான்.

அன்று நேபாளத்திலிருந்து புறப்படும்போது, சின்ன விமானநிலையத்தில் எங்களை வழியனுப்ப அவர் வந்திருந்தார். வலது கையில் வெள்ளைக் கட்டு. அவருடைய காலைத் தொடக் குனிந்தேன். பதறிப் பின்னால் நகர்ந்து, இடது கையால் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். அவர் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். நாடாக்கள் சரியாகக் கட்டியிருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு சொன்னார்:

"வீட்டை போய்ச் சேர்ந்தாப் பிறகு கழற்றுங்கோ, அக்கா."